பெரும்பாணாற்றுப்படையில் தச்சர் செய்த சிறுதேர்

மகளிர் மணலில் இழைக்கும் சிற்றிலும், புதல்வர் உருட்டும் சிறுதேரும் தமிழிலக்கியத்துள் பயின்று வரும் விளையாட்டுப் பொருள்கள். வீடும் தேருமாகிய பெரும்பொருள்களின் சிற்றுருக்களே இவை. ஆண்பாற் பிள்ளைத்தமிழ் இவ்விரண்டிற்கும் தனித்தனிப் பருவம் வகுத்துள்ளது. எனினும் இவற்றிடையே ஒரு வேறுபாடு உண்டு. சிற்றிலை இழைப்போரும் அதனுள் ஆடுவோரும் ஒருவரே. மரத்தாலாகிய சிறுதேரையோ ஒருவர் செய்ய, மற்றொருவர் உருட்டுவர். அங்ஙனமாயின், செய்த கையைப் புலவர் நினைந்தனரா என்பது ஆராய்தற்குரியது.

இவ்வாராய்ச்சிக்குக் கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் இரு பாட்டுக்களும் பெரிதும் துணைபுரிகின்றன. கரிகாலனைப் பாடிய பட்டினப்பாலையில், கோழியை ஓட்டுதற்கு மகளிர் எறிந்த பொற்குழை, சிறுவர் உருட்டும் மூவுருள் தேரின் வழியைத் தடுக்கின்றது. அதுவன்றி அவ்வூரினர்க்கு வேறு பகையில்லை என்பர் புலவர். ஈண்டுத் தேர் ஊரின் செல்வத்தையும் அச்சமின்மையையும் காட்டும் கருவியாக நிற்கின்றது. அதனைச் செய்தவர் யார் என்ற குறிப்பு இல்லை. கச்சிக்குரிய தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையிலோ, அக்கச்சிக்குச் செல்லும் வழியிலுள்ள மருதநிலத்துப் பேரூரில் மீண்டும் ஒரு சிறுதேர் வருகின்றது. அதனை உருட்டித் தளர்ந்த புதல்வர் செவிலியரைத் தழுவிப் பாலுண்டு உறங்குகின்றனர். இத்தேரைக் கூறுமிடத்துத் தச்சர்தம் சிறுவரையும் புலவர் உடன் கூறுகின்றார்.

அச்சிறுவர் தேரைச் செய்தவரா, விரும்பியவரா என்பதே வினா. 'நச்ச' என்பது செயவென் எச்சம். செய்தென் எச்சம்போலத் தன் வினைமுதலையே கொண்டு முடிதல் வேண்டும் என்னும் வரையறை இதற்கு இல்லை. ஆதலின், தச்சச் சிறுவர் பிறர் விரும்புமாறு செய்த தேர் எனவும், தச்சச் சிறுவரும் விரும்புமாறு செய்யப்பட்ட தேர் எனவும் இருவகையாகப் பொருள் கொள்ளலாம். இலக்கணம் இரண்டிற்கும் இடந்தருதலின், முடிவைப் பாட்டின் போக்கிலேயே தேடுதல் வேண்டும்.

இரண்டாவது பொருளே சிறந்தது என்பது எம் கருத்து. இதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, இத்தேர் ஏறிச் செலுத்தப்படாத தேர் என்று அடைகொடுத்துக் கூறப்படுகின்றது. மெய்த்தேரோடு மயங்கும் அளவிற்கு ஒப்புமை உடையதாயினன்றி இவ்விலக்கு வேண்டப்படாது. அத்தகைய வினைத்திறம் சிறுவர் கைக்கு எளிதில் வாய்ப்பதன்று. முதிர்ந்த தச்சர்க்கே உரியது. மற்றொன்று, உளியும் மரமும் நாள்தோறும் கண்டு பழகிய தச்சர் வீட்டுச் சிறுவரையே ஒரு விளையாட்டுப் பொருள் ஈர்க்குமாயின், அதனினும் மேம்பட்ட பாராட்டு அதற்கு இல்லை. தொழிலறிந்த வீட்டின் விருப்பமே தொழிலுக்கு உரைகல்லாகின்றது.

இப்பொருளைக் கொள்ளுங்கால் மற்றொன்றும் புலனாகின்றது. தேரை விரும்புவோர் தச்சர் மக்கள்; உருட்டுவோர் நெற்கூடுகள் ஓங்கிய இல்லத்து மக்கள். இவ்விடைவெளியைப் புலவர் இரங்கிக் கூறினார் எனல் பொருந்தாது. அவர் நோக்கம் ஊரின் வளத்தைப் புகழ்தலே. ஆயினும் உப்பு வணிகர், எயினர், கோவலர், உழவர், வலைஞர் எனத் தொழில்தோறும் மக்களைக் கண்டு செல்லும் பாட்டு இஃது ஆதலின், ஒரு விளையாட்டுப் பொருளைப் பாடும்போதும் அதற்குரிய தொழிற்குடியை மறவாது சுட்டிற்று. பட்டினப்பாலையில் இல்லாத இக்குறிப்பு ஈண்டு அமைந்தமைக்கு ஆற்றுப்படையின் இவ்வியல்பே காரணம் என்று யாம் துணிகின்றோம்.

புலவர் பாடிய கச்சியாகிய காஞ்சிபுரத்தில் பொம்மைக்காரத் தெரு என்றொரு தெரு இன்றும் உண்டு. நவராத்திரிக் கொலுவிற்கெனக் களிமண்ணாலும் காகிதக்கூழாலும் பொம்மை செய்யும் குடும்பங்கள் அங்கு வாழ்கின்றன. கோயில் விழா, திருமணம், சந்தை என ஓர் ஊரின் வாழ்வே கொலுப்படிகளில் சிற்றுருவாக நிற்கும். காண்போர் உருவத்தின் பெயரை வினவுவரேயன்றி, வனைந்தோர் பெயரை வினவுதல் அரிது. ஐந்நூறு அடிகளைக் கொண்ட ஒரு பாட்டு, உறங்கும் குழந்தையின் தேரைக் கூறுமிடத்தும் தச்சர் வீட்டை ஒரு சொல்லால் நினைவூட்டியது. அச்சொல்லை வெறும் அடையாகக் கருதிக் கடந்து செல்லாது, தமிழகக் கைவினை வரலாற்றின் சான்றாகவும் கொண்டு ஆராய்தல் நம் கடனாகும்.