மூன்று ரூபாய் ஐம்பத்து நான்கு காசு

பெங்களூரு சிக்பேட்டையில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்பவரின் நடப்புக் கணக்கு ஸ்டேட்மென்ட்டை வாங்கிப் பார்த்தால், பெரிய தொகைகளுக்கு நடுவே பொடிப்பொடியாகச் சில வரிகள் தென்படும். ஓரிடத்தில் 3.54, இன்னோரிடத்தில் 9.44, மாதக் கடைசியில் ஒரு 23.60. வங்கிவழிப் பணப் பரிமாற்றத்துக்கு வங்கி பிடித்த கூலி இது. மூன்று ரூபாய் கட்டணம், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 54 காசு; ஆகமொத்தம் 3.54. எட்டு ரூபாய்க்கு வரி சேர்ந்தால் 9.44.

இந்தச் சில்லறையை வைத்துக்கொண்டுதான் கடைவீதியில் இரண்டு பேச்சு நடக்கிறது. ‘வங்கிகள் கொள்ளையடிக்கின்றன’ என்கிறார் வியாபாரி. ‘சேவைக்குச் செலவாகிறது, யாராவது கொடுத்துத்தானே ஆகவேண்டும்’ என்கிறது வங்கி. இரண்டையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் யார் பக்கம் நியாயம் என்று சொல்ல முடியும்.

முதலில், எந்தக் கட்டணம் போனது, எது நிற்கிறது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். வங்கிவிட்டு வங்கி பணம் அனுப்பும் நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் இரண்டுக்கும் வங்கிகளிடம் தான் வாங்கிவந்த கட்டணத்தை ரிசர்வ் வங்கி 2019 ஜூலை 1 முதல் நீக்கியது. 2020 ஜனவரியிலிருந்து சேமிப்புக் கணக்கு வைத்திருப்பவர் இணையவழியில் அனுப்பும் நெஃப்டுக்கு வங்கிகள் எதுவும் பிடிக்கக்கூடாது என்றும் ஆணையிட்டது. அதே மாதம் யூபிஐ, ரூபே டெபிட் கார்டு இரண்டுக்கும் கடைக்காரரிடம் பிடிக்கும் எம்டிஆர் கட்டணம் சட்டப்படி பூஜ்யமானது. ஆகவே, எல்லாமே ஏறிவிட்டது என்பது சரியில்லை. வியாபாரியின் தலையில் விழுவது, பணம் உடனே போய்ச்சேரும் ஐஎம்பிஎஸ், நடப்புக் கணக்கின் சேவைக் கட்டணங்கள், ஆன்லைனில் விற்பவர்கள் கொடுக்கும் பேமென்ட் கேட்வே கட்டணம் ஆகியவைதான். ஸ்டேட் வங்கி இணையவழி ஐஎம்பிஎஸ்ஸை இலவசமாக வைத்திருந்தது. 2025 ஆகஸ்ட் 15 முதல் 25,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகைகளுக்குக் கட்டணம் கொண்டுவந்தது: ஒரு லட்சம் வரை 2 ரூபாய், இரண்டு லட்சம் வரை 6, ஐந்து லட்சம் வரை 10, வரி தனி. பெங்களூரு ஜே.சி. ரோட்டில் தலைமையகம் வைத்திருக்கும் கனரா வங்கியின் பட்டியலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டியதுமே தொடங்கிவிடுகிறது: பத்தாயிரம் வரை 3 ரூபாய், 25,000 வரை 5, ஒரு லட்சம் வரை 8, இரண்டு லட்சம் வரை 15, ஐந்து லட்சம் வரை 20.

வியாபாரியின் புகாரை முதலில் எடுத்துக்கொள்வோம். சிக்பேட்டைக்காரர் ஒருவர் ஈரோட்டுக்கும் சேலத்துக்கும் சரக்குப் பணம் அனுப்புகிறார். ஒரு நாளைக்குப் பத்து பில், பில் ஒன்றுக்கு 40,000, மாதம் 25 நாள் என்று வைத்துக்கொள்வோம். கனரா பட்டியல்படி ஒன்றுக்கு 9.44 வீதம் 250 முறைக்கு 2,360 ரூபாய் ஆகிறது. அனுப்பிய தொகை ஒரு கோடி. அதாவது லட்சத்துக்கு 23 ரூபாய் 60 காசு. இதைக் கொள்ளை என்று சொல்ல மனம் வரவில்லை. லாரி வாடகையிலும் கடை வாடகையிலும் ஏறும் தொகைக்கு முன்னால் இது காணாமலே போய்விடும். நோட்டுக் கட்டை எடுத்துக்கொண்டு போய்க் கட்டினாலும் செலவு உண்டு. நடப்புக் கணக்கில் இலவச வரம்பைத் தாண்டி ரொக்கம் செலுத்தினால் வங்கிகள் அதற்கும் தனியாகப் பிடிக்கின்றன. ஆக, நடுத்தர மொத்த வியாபாரியின் புகாரை அப்படியே ஏற்பதற்கில்லை.

ஆனால் அதே பட்டியலைக் கொஞ்சம் கீழே இறங்கிப் பார்த்தால் நிலைமை மாறுகிறது. பீன்யா தொழிற்பேட்டையில் இரண்டு லேத் வைத்திருக்கும் பட்டறைக்காரர் கருவி தீட்டிக் கொடுத்தவருக்கு 1,500 ரூபாய் அனுப்புகிறார். கட்டணம் 3.54. லட்சத்துக்குக் கணக்கிட்டால் 236 ரூபாய். ஐந்து லட்சத்தை ஒரே முறையில் அனுப்புபவர் கொடுப்பது 23.60, லட்சத்துக்கு ஐந்து ரூபாய்கூட இல்லை. சிறியவர் தலையில் விழும் சுமை பெரியவருடையதைப்போல் ஐம்பது மடங்கு.

‘ஆயிரத்து ஐந்நூறை யூபிஐயில் அனுப்பட்டுமே, அது இலவசம்தானே’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அது பெரும்பாலும் சொந்தப் பெயரிலுள்ள சேமிப்புக் கணக்கிலிருந்து போகிறது. தொழில் பணமும் வீட்டுப் பணமும் ஒன்றாகக் கலந்தால் என்ன ஆகும் என்பதைப் பெங்களூரு 2025 ஜூலையில் பார்த்தது. 2021-22 முதலான யூபிஐ வரவுகளை வைத்துக் கர்நாடக வணிகவரித் துறை சிறு கடைக்காரர்களுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் அனுப்பியது. பேக்கரிகளிலும் டீக்கடைகளிலும் க்யூஆர் ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டு ‘ரொக்கம் மட்டும்’ என்று எழுதி ஒட்டினார்கள். ஜூலை 25இல் கடையடைப்பு என்ற பேச்சும் கிளம்பியது. பழைய நிலுவையை வசூலிக்கப்போவதில்லை, ஆனால் ஜிஎஸ்டியில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று முதலமைச்சர் சித்தராமையா அறிவித்த பிறகுதான் அது அடங்கியது. அந்தப் பதற்றத்துக்கும் பரிமாற்றக் கட்டணத்துக்கும் சம்பந்தமில்லை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பேசுவது தவறு. கணக்கைத் தனியாக வை, நடப்புக் கணக்கு திற, முறைப்படி செய் என்று சொல்வது சரியான பேச்சுதான். அப்படி முறைக்கு வந்தவர்மீதே பரிமாற்றக் கட்டணம் அதிகம் விழுகிறது என்பதுதான் இங்கே இடிக்கிறது.

இனி வங்கியின் வாதம். செலவாகிறது என்பது பொய்யல்ல. 800 ரூபாய் யூபிஐ பரிமாற்றம் ஒன்றை முடிக்க எல்லாத் தரப்புக்கும் சேர்த்து ஏறத்தாழ 2 ரூபாய் ஆகிறது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விவாதக் கட்டுரையே கணக்கிட்டது. யூபிஐ மாதத்துக்கு 2,000 கோடி பரிமாற்றங்களை 2025 ஆகஸ்டில் தாண்டிவிட்டது. இதற்கு ஈடாக மத்திய அரசு தரும் ஊக்கத்தொகை 2023-24க்கு 3,631 கோடியாக இருந்தது; 2024-25க்கு ஒதுக்கியது 1,500 கோடி. செலவு ஏற, மானியம் இறங்குகிறது. செலவு என்று ஒன்று இருக்கிறது, அதை யாராவது ஏற்றாகவேண்டும் என்று ரிசர்வ் வங்கி ஆளுநர் சஞ்சய் மல்ஹோத்ரா 2025 ஆகஸ்டில் சொன்னது இந்தச் சூழலில்தான். இதுவரை வங்கியின் பக்கம் நியாயம் இருக்கிறது.

அதற்கு மேல் மூன்று இடங்களில் அந்த வாதம் தடுமாறுகிறது.

ஒன்று, விலை செலவைப் பார்த்து வைக்கப்படவில்லை. ஐஎம்பிஎஸ் எந்த வங்கியிலிருந்து கிளம்பினாலும் யூபிஐயையும் நடத்தும் என்பிசிஐயின் ஒரே வழியில்தான் போகிறது. 40,000 ரூபாயை அனுப்ப ஒரு வங்கி 2 ரூபாயும் இன்னொரு வங்கி 8 ரூபாயும் கேட்கின்றன. செலவு நான்கு மடங்கு வேறுபட வழியில்லை. வேறுபடுவது வங்கியின் விலைக்கொள்கை. இதோடு ரிசர்வ் வங்கி நெஃப்டுக்கு வைத்திருக்கும் உச்சவரம்பை ஒப்பிட்டுப் பாருங்கள்: பத்தாயிரம் வரை 2.50, ஒரு லட்சம் வரை 5, இரண்டு லட்சம் வரை 15, அதற்கு மேல் 25. கனராவின் ஐஎம்பிஎஸ் கட்டணம் பத்தாயிரம் வரையும் 25,000 முதல் ஒரு லட்சம் வரையும் இந்த உச்சவரம்பைத் தாண்டுகிறது. இரண்டு லட்சத்துக்கு மேலே போனதும் அதற்குக் கீழே இறங்கிவிடுகிறது. நெஃப்டுக்கு இருப்பதுபோல ஐஎம்பிஎஸ்ஸுக்கு உச்சவரம்பு எதுவும் கிடையாது. ஒவ்வொரு வங்கியும் தானே விலை வைத்துக்கொள்கிறது.

‘அவசரம் இல்லாதவர் நெஃப்டில் அனுப்பட்டும்’ என்பார்கள். நெஃப்ட் இப்போது நாள் முழுக்க அரைமணிக்கு ஒருமுறை தீர்வாகிறது. பெரும்பாலான வேலைக்கு அது போதும். ஆனால் காலாசிபாளையத்து லாரி ஆபீஸில், பெறுபவரே வாடகை கட்டவேண்டிய ‘டு-பே’ சரக்கு வந்து இறங்கினால், வாடகை கணக்கில் ஏறிய மெசேஜைக் காட்டாமல் மூட்டை வெளியே வராது. அங்கே அரைமணி நேரம் என்பது கூலிக்காரரும் குட்டியானை வண்டியும் சும்மா நிற்கும் நேரம். உடனே போகும் பணம் சரக்கெடுக்க வந்த வியாபாரிக்கு ஆடம்பரமாகாது.

இரண்டு, நடப்புக் கணக்குக்கு வங்கி வட்டி தருவதில்லை. அதில் சராசரியாக ஒரு லட்சம் கிடந்தால் அந்த ஒரு லட்சம் வங்கிக்கு வட்டியில்லாக் கடன். ஸ்டேட் வங்கியின் 2025 ஜூன் மாத சேமிப்பு வட்டி 2.5 சதவீதத்தில் வைத்துப் பார்த்தால்கூட, வியாபாரி ஆண்டுக்கு 2,500 ரூபாயை விட்டுக்கொடுக்கிறார். வட்டி வாங்கும் சேமிப்புக் கணக்குக்காரருக்கு இணையவழி நெஃப்ட் இலவசம். வட்டியே வாங்காத நடப்புக் கணக்குக்காரருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பணத்தையும் கொடுத்துக் கூலியையும் கொடுப்பவர் அவர்தான். நடப்புக் கணக்குக்காரர்களுக்குள்ளும் பாகுபாடு உண்டு. ஸ்டேட் வங்கியின் புதிய ஐஎம்பிஎஸ் கட்டணத்திலிருந்து கோல்டு, டயமண்ட், பிளாட்டினம், ரோடியம் வகை நடப்புக் கணக்குகளுக்கு விலக்கு. அதிக இருப்பு வைப்பவருக்குச் சலுகை தருவது வணிக நியாயம் என்று வங்கி சொல்லலாம். அப்படியானால் இது செலவை மீட்கும் கட்டணம் என்று மட்டும் சொல்லக்கூடாது.

மூன்று, வரி. முறையான ஜிஎஸ்டி பதிவுள்ளவர் அந்த 18 சதவீதத்தை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்வார். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவரும் பதிவு தேவைப்படாத அளவுக்குச் சிறியவரும் கழிக்க முடியாது. எட்டு ரூபாய் என்பது பெரியவருக்கு எட்டு ரூபாயாகவே முடிகிறது; சிறியவருக்கு 9.44.

இப்படிக் காசுக்கணக்கில் சண்டை போட்டுக்கொண்டிருக்கையில், ரூபாய்க்கணக்கில் போகும் இடம் கண்ணில் படுவதில்லை. இன்ஸ்டாகிராமிலும் சொந்தத் தளத்திலும் சேலை விற்கும் சிறு கடைகள் பெங்களூரில் ஏராளம். பெங்களூரிலேயே தலைமையகம் உள்ள ரேசர்பே போன்ற கேட்வேக்களின் பொதுவான விலை 2 சதவீதம், வரி தனி. ஒரு லட்சம் விற்பனைக்கு 2,360 ரூபாய். சிக்பேட்டைக்காரர் ஒரு கோடி அனுப்பக் கொடுத்ததும் இதே 2,360தான். நூற்றுக்குப் பத்து லாபம் வைப்பவருக்கு லாபத்தில் ஏறத்தாழ கால்வாசி இங்கேயே போய்விடுகிறது. யூபிஐ வழி வந்த பணத்துக்கும் தளக் கட்டணம் என்ற பெயரில் பிடிப்பது உண்டு. கேட்வே தரும் வேலை உண்மையானது: கார்டு, ரீஃபண்டு, கணக்கு ஒப்பிடல், மோசடித் தடுப்பு எல்லாம் அதில் அடக்கம். ஆனாலும் ஐசிஐசிஐ வங்கி 2025 ஆகஸ்டில் இத்தகைய நிறுவனங்களிடமே யூபிஐக்குக் கேட்கத் தொடங்கியது 0.02 முதல் 0.04 சதவீதம், அதுவும் ஆறு அல்லது பத்து ரூபாய் உச்சவரம்போடு. மேல்மட்டத்தில் உச்சவரம்போடு பேசப்படும் விலை, கடைக்காரரிடம் வரும்போது உச்சவரம்பில்லாத சதவீதமாகிவிடுகிறது. பெரிய நிறுவனம் பேரம் பேசிக் குறைத்துக்கொள்ளும். மாதம் ஐம்பது புடவை விற்பவருக்குப் பேரம் பேச ஆள் கிடையாது.

வெளியுலகம் இதை எப்படிக் கையாள்கிறது? பிரேசிலின் மத்திய வங்கி 2020 நவம்பரில் தொடங்கிய பிக்ஸ் என்ற உடனடிப் பரிமாற்ற முறை, தனிநபருக்கு இலவசம். நிறுவனங்களிடம் வங்கிகள் கட்டணம் வாங்கலாம். அப்படியும் அது நாடெங்கும் பரவியது. எனவே வியாபாரியிடம் ஒரு காசுகூட வாங்கக்கூடாது, வாங்கினால் டிஜிட்டல் செத்துவிடும் என்ற வாதம் எடுபடாது. யூரோ நாடுகளிலோ 2025 ஜனவரி 9 முதல், உடனடிப் பரிமாற்றத்துக்குச் சாதாரணப் பரிமாற்றத்தைவிட அதிகம் வாங்கக்கூடாது என்பது சட்டம். அந்த விதி இங்கே இருந்திருந்தால், நெஃப்ட் உச்சவரம்பை ஒட்டி, கனராவின் எட்டு ரூபாய் ஐந்தாகியிருக்கும். மூன்று ரூபாய் இரண்டரையாகியிருக்கும்.

யூபிஐயின் செலவுக்கும் வழி இல்லாமல் இல்லை. பெரிய வணிகர்களிடம் மட்டும் 0.3 சதவீதம் வாங்கலாம் என்று பேமென்ட் நிறுவனங்களின் அமைப்பான இந்தியப் பேமென்ட்ஸ் கவுன்சில் 2025 மார்ச்சில் பிரதமருக்கு எழுதியது. அப்படி எந்தத் திட்டமும் இல்லை என்று நிதியமைச்சகம் ஜூனில் மறுத்துவிட்டது. கார்டுக்கு ஏற்கெனவே எம்டிஆர் கொடுத்துப் பழகிய மால்களும் சூப்பர் மார்க்கெட் சங்கிலிகளும் இதைத் தாங்கும். அவர்களுக்கும் பூஜ்யம், தள்ளுவண்டிக்கும் பூஜ்யம் என்று வைத்துவிட்டு, குறையும் பணத்தை நடப்புக் கணக்கில் துழாவுகிற நிலைக்கு வங்கிகளைத் தள்ளுவது இரக்கமான கொள்கைபோலத் தெரிந்தாலும் சுமை கடைசியில் சிறியவர்மீதே இறங்குகிறது.

ஆகவே தீர்ப்பு இது. கட்டணம் வாங்குவது குற்றமில்லை. அதன் அளவும் நடுத்தர வியாபாரியை வீழ்த்தும் அளவில்லை. அது வகுக்கப்பட்ட விதம் தவறு. சிறு தொகைக்கு அதிகச் சுமை, அதிக இருப்புக்கு விலக்கு, செலவோடு ஒட்டாத விலை என்ற மூன்றும் சேர்ந்து, பேரம் பேச முடியாதவரிடம் வசூலிப்பதாக முடிந்திருக்கிறது. இதைத் திருத்தப் பெரும்பாலும் புதுச் சட்டம் வேண்டியதில்லை. ஐஎம்பிஎஸ் கட்டணம் நெஃப்ட் உச்சவரம்பைத் தாண்டக்கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லட்டும். 2020இல் சேமிப்புக் கணக்குக்குத் தந்த இலவச நெஃப்டை, உத்யம் பதிவுள்ள குறுந்தொழில்களின் நடப்புக் கணக்குக்கும் நீட்டட்டும். யூபிஐ செலவைப் பெரிய வணிகரிடம் வெளிப்படையாக வாங்க மத்திய அரசு துணியட்டும்.

அதுவரை வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை: இந்த மாத ஸ்டேட்மென்ட்டை எடுத்து, கட்டண வரிகளை மட்டும் தனியே கூட்டிப் பாருங்கள். காத்திருக்க முடிந்ததை நெஃப்டுக்கு மாற்றுங்கள், மற்ற வங்கியின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் கிளை மேலாளரிடம் பேசுங்கள், கேட்வேயிடம் யூபிஐக்குத் தனி விலை கேளுங்கள். கேட்காதவருக்கு எந்த வங்கியும் கட்டணத்தைக் குறைத்துக் கொடுத்ததில்லை.