போடியாரும் பொலியும்

ஊர் வரலாறு எழுதப் புகுவோர் போடியார்களின் வம்சாவளியோடு நின்றுவிடுவது வழமை. பண்டிதர் வி. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ (1964) அவ்வெல்லையைக் கடந்தது. வாய்மொழிப் பாடல்களுக்கும் பேச்சுவழக்குக்கும் அந்நூலில் மதிப்பான இடமுண்டு. அவரைப் பின்பற்றியோரோ பாட்டின் இனிமையைப் பற்றிக்கொண்டு, பாடியவனை விட்டுவிட்டனர்.

அட்டாளைச்சேனையில் எமது மூத்தவாப்பா முல்லைக்காரராக வயல் செய்தவர். களவெட்டியில் நெல்லைப் ‘பொலி’ என்றே சொல்லவேண்டும் என்று சிறுபராயத்தில் எமக்குக் கற்பித்தவர். அச்சொல்லை நூல்கள் காப்பாற்றிவிட்டன. அந்தப் பொலியில் அவர் வீட்டுக்கு வந்தது எத்தனை மூடை, கடனுக்குப் போனது எத்தனை என்பதை எவர் எழுதினார்? நாமும் கேட்டு வைக்கவில்லை.

கல்லோயாத் திட்டம் தொடங்கிய 1949இல் வட்டைக்குச் சோறு சுமந்த சிறுவர் இன்று எண்பதைக் கடந்தவர்கள். எமது மாணவர் குறிப்பேட்டுடன் முதலில் செல்லவேண்டியது அவர்களது திண்ணைக்கே.