நெருப்புக் கோப்பையும் பாடிப் பையனும்

‘ஹாரி பாட்டர் அண்ட் த காப்லெட் ஆஃப் ஃபயர்’ 2005 நவம்பரில் திரைக்கு வந்தது. மண்ணூர்பேட்டையை ஒட்டிய பாடியில் வளரவிருந்த சதுரங்க வீரர் பிரக்ஞானந்தாவுக்கு அப்போது மூன்று மாதம். படத்தின் நாயகனுக்கு 14 வயது. 17 நிரம்பியவர்களுக்கு மட்டுமே என்று வகுத்த போட்டியில் யாரோ சூழ்ச்சி செய்து அவன் பெயரை நுழைத்துவிடுகிறார்கள். சதுரங்கத்தில் அந்த வம்பு இல்லை. பாடிப் பையன் 12 வயதிலேயே கிராண்ட்மாஸ்டர்.

மைக் நியூவெல் இயக்கிய அந்தப் படத்தை மந்திரத்தை மறந்துவிட்டு, ஸ்கோர் போர்டோடு பாருங்கள். முதல் சுற்றில் டிராகன் காக்கும் தங்க முட்டையை எடுத்து வரவேண்டும். தரையில் நின்று மோதினால் சாம்பல்தான். ஹாரி தன் பறக்கும் துடைப்பத்தை வரவழைத்து, ஆட்டத்தையே வானத்துக்கு மாற்றினான். பள்ளி அணிக்காகப் பறந்து பழகியவன். டிராகன் பெரிது என்றாலும் மைதானம் இவனுடையது. படத்தில் உருப்படியான ஆட்டத் திட்டம் என்றால் அது ஒன்றுதான்.

மற்ற சுற்றுகளின் ஏற்பாடு படுமோசம். இரண்டாம் சுற்று ஏரிக்கு அடியில். ஒரு மணி நேரம் தண்ணீரையே வெறித்துக்கொண்டிருக்கும் பார்வையாளர்கள் பாவம். கெடு தாண்டிக் கரையேறிய ஹாரிக்கு நல்ல மனசுக்காக இரண்டாம் இடம். நம்மூர் கபடிப் போட்டியில் இப்படித் தீர்ப்புச் சொன்னால் நடுவர் வீடு திரும்ப முடியுமா? கடைசிச் சுற்றில், சக போட்டியாளன் செட்ரிக்கின் உடலோடு ஹாரி வந்து விழும்போது பேண்டு வாத்தியம் முழங்குகிறது.

களத்தைத் தன் பக்கம் இழுக்கும் அந்த வித்தையை 2023 பாகு சதுரங்க உலகக் கோப்பையில் நிஜமாகவே பார்த்தோம். தரவரிசையில் 31-ஆவது இடத்தில் தொடங்கிய பிரக்ஞானந்தா, நகமுராவை டை-பிரேக்கில் வெளியேற்றினார். காலிறுதியில் அர்ஜுன் எரிகைசியோடு ஆட்டம் சடன் டெத் வரை நீண்டது. அரையிறுதியில் கருவானாவும் டை-பிரேக்கில்தான் விழுந்தார். நிதான ஆட்டத்தில் பிடி கொடுக்காமல் நின்று, கடிகாரம் விரட்டும் ஆட்டத்துக்குப் பெரியவர்களை இழுத்து வந்து அடித்தார் 18 வயதுப் பையன்.

கார்ல்சனோடு மோதிய இறுதிப் போட்டியிலும் முதல் இரண்டு ஆட்டங்கள் டிரா. ஆனால் வேக ஆட்டம் கார்ல்சனுக்கும் சொந்த வீடு. முதல் ரேபிட் ஆட்டத்தில் அவர் வென்றார், அடுத்தது டிரா. கோப்பை கைநழுவியது.

2025 பிப்ரவரி 2, நெதர்லாந்தின் வைக் ஆன் ஸீ. டாடா ஸ்டீல் போட்டியின் கடைசிச் சுற்றில் பிரக்ஞானந்தா கெய்மரிடம் தோற்றார். உலக சாம்பியன் குகேஷும் அர்ஜுனிடம் தோற்றார். இருவருக்கும் 8.5 புள்ளி. மறுபடியும் டை-பிரேக். முதல் பிளிட்ஸ் ஆட்டம் குகேஷுக்கு. அடுத்த இரண்டும் பிரக்ஞானந்தாவுக்கு.