பியானோவில் தோடி

தோடி இராகத்தின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்கும் சுரமன்று. அசைவே அதன் உயிர். பியானோவின் கட்டையோ நிலைத்த ஒலியையே தரும். ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்ல அதில் வழியில்லை. அரபு இசையின் ராஸ்த் மகாமிலும் இவ்விடர் உண்டு. அதன் மூன்றாம் சுரம் வெள்ளைக் கட்டைக்கும் கறுப்புக் கட்டைக்கும் இடையில் அமைவது. 1932இல் கெய்ரோவில் கூடிய அரபு இசை மாநாடு, பியானோவை ஏற்பதா என விவாதித்ததும் இதனாலேயே.

சிக்கில் குருசரண் பாட அனில் சீனிவாசன் பியானோ வாசிக்கையில் கமகத்தைக் குரல் சுமக்கிறது, குறை தெரிவதில்லை. தனித்து வாசிப்போர்க்கே சோதனை. ஆரோகண அவரோகணம் அறிந்தால் இராகம் அறிந்ததாகாது. தஜ்வீத் நூலை மட்டும் கற்றவர் காரீ ஆவதில்லை. உஸ்தாதின் வாயிலிருந்து கேட்டு ஓதியவரே ஆகிறார். இராகத்தையும் முதலில் பாடிப் பழகியவரே, எந்தச் சுரத்தைப் பியானோவில் தொடாது விடவேண்டுமென்று அறிவார்.