இடப்பக்கம் மட்டும்தானே திரும்புகிறார்கள்? ஸ்டாக் கார் பந்தயத்தை ரசிப்பது எப்படி

ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தேர் ரதவீதிகளை வலம் வருகிறது. வலம் என்றால் ஒவ்வொரு மூலையிலும் வலப்பக்கத் திருப்பம்தான். "நாலு தடவை ஒரே பக்கம் திரும்புறதைப் பார்க்க என்ன இருக்கு?" என்று சிவகாசியிலோ விருதுநகரிலோ யாரும் கேட்டதில்லை. நாஸ்கார் பந்தயம் என்று பேச்செடுத்தால் மட்டும் அதே ஆட்கள், "அது சும்மா இடப்பக்கமா சுத்திக்கிட்டே இருப்பாங்களே" என்று சேனலை மாற்றிவிடுகிறார்கள். தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் அதில் ஓட்டியிருக்கிறார் என்று சொன்னாலும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

அவர் கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன். 2005இல் ஜோர்டன் அணிக்காக ஓட்டி, ஃபார்முலா ஒன்னில் இறங்கிய முதல் இந்தியர் ஆனவர் என்பது ஊருக்கே தெரியும். 2010 மார்ச் 27 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், மார்ட்டின்ஸ்வில் களத்தில், நாஸ்காரின் டிரக் தொடரில் 60ஆம் எண் வண்டியை ஓட்டினார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? இந்தியாவில் பிறந்த ஒருவர் நாஸ்காரில் ஓட்டியது அதுதான் முதல் முறை. பதின்மூன்றாவதாக முடித்தார். அவரைப் பற்றிய கட்டுரைகள் அவருடைய நாஸ்கார் பருவத்துக்கு ஒரு வரி ஒதுக்குகின்றன, அதையும் இரக்கப்பட்டு. மேம்போக்கான எழுத்து அது. எழுதுகிறவர்கள் ஒரு பந்தயத்தையாவது முழுசாக உட்கார்ந்து பார்த்திருந்தால் அப்படி எழுத மாட்டார்கள்.

அடிப்படைகளை வேகமாக முடித்துவிடலாம். ஸ்டாக் கார் என்பது கடையில் விற்கும் காரின் சாயலில் கட்டிய பந்தயக் கார். நாஸ்கார் 1948இல் தொடங்கிய அமைப்பு. டிரக் தொடரில் கார் உடலுக்குப் பதில் பிக்கப் வண்டியின் உடல். பச்சைக் கொடி என்றால் பந்தயம். விபத்து நடந்தால் மஞ்சள் கொடி, எல்லோரும் மெதுவாக வரிசையில் வர வேண்டும். கட்டம் போட்ட கொடி விழுந்தால் முடிவு. மிச்சம் பார்க்கப் பார்க்கப் புரியும்.

புரியாமல் போகவே கூடாத விஷயம் வேறு. டைட், லூஸ். இந்த இரண்டு சொல் தெரிந்தவருக்கு ஒவ்வொரு சுற்றும் வேறு. தெரியாதவருக்கு எல்லாம் ஒரே சுற்று.

முன் டயர்களுக்குப் பிடிப்பு போதாமல், ஸ்டீயரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் வண்டியின் மூக்கு திரும்பாமல் சுவரைப் பார்த்தே போனால் அது டைட். தெரு மூலையில் வடத்தை எத்தனை பேர் இழுத்தாலும் தேர் நேராகவே போகப் பார்க்குமே, அதேதான். லூஸ் இதற்கு நேர் எதிர். மூக்கு சொன்ன பேச்சைக் கேட்டுவிடும். பின் டயர்கள் வழுக்கி, வால் வெளியே ஓடி, வண்டியைச் சுழற்றிவிடப் பார்க்கும். சங்குச்சக்கரம் செய்கிற ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வண்டிக்குள்ளிருந்து கேமரா காட்டும்போது ஓட்டுநரின் கையைப் பாருங்கள். இடப்பக்க வளைவில் கை மேலும் மேலும் இடப்பக்கமே போனால் டைட். வளைவின் நடுவில் சட்டென்று வலப்பக்கம் ஒரு வெட்டு வெட்டி மீண்டால் லூஸ். ஓடப்பார்த்த வாலைப் பிடித்து இழுத்து வைத்திருக்கிறார். ஒரு கண் சிமிட்டும் நேரம்தான். அதைக் கண்டுவிட்டால் அப்புறம் உங்களால் எழுந்து போக முடியாது.

ஒரே வளைவில் நுழையும்போது டைட்டாக இருக்கும் வண்டி வெளியேறும்போது லூஸாகலாம். டயர் தேயும், பின்னால் இருக்கும் டேங்கில் பெட்ரோல் குறையக் குறைய வாலின் எடையும் குறையும், பத்து சுற்றுக்கு முன் சரியாக இருந்த வண்டி இப்போது சரியாக இருக்காது. டயர் மாற்ற, பெட்ரோல் நிரப்ப ஒதுங்கும் பிட்டில் நிற்கும்போது ஒருவர் நீளமான ஸ்பேனரைப் பின்கண்ணாடித் துளைக்குள் விட்டு அரைத் திருகு திருகுகிறாரே, அவர் ஸ்பிரிங்கை அழுத்தி எடையை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு மாற்றுகிறார். தேர்ச் சக்கரத்துக்குக் கட்டை போடுகிறவரின் வேலை அது. ஓட்டுநரைப் புகழ்கிறவர்கள் அந்த ஸ்பேனரைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை.

மார்ட்டின்ஸ்வில் ஜெம் கிளிப் வடிவக் களம். ஒரு சுற்று ஏறக்குறைய 850 மீட்டர்தான். நேர்ப்பாதையில் தார், வளைவில் கான்கிரீட். அன்றைய 250 சுற்றில் 500 முறை பிரேக்கை அழுத்தித் திரும்ப வேண்டும். பிரேக் வட்டுகள் சிவக்கச் சிவக்கப் பழுக்கும். நரேன் பழகி வந்தது ஏறக்குறைய 600 கிலோ ஃபார்முலா கார். அதில் பக்கத்து வண்டியின் சக்கரத்தில் உரசினாலே அன்றைய நாள் முடிந்துவிடும். இங்கே கையில் இருந்தது அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் எடை. முன்னால் போகிறவரின் பம்பரை லேசாகத் தட்டி, அவர் வாலை லூஸாக்கி, உள்ளே புகுவது இங்கே அன்றாட வித்தை. அப்படித் தட்டுகிறவர்கள் நடுவே முதல் நாளே 13ஆம் இடம் என்பது பெரிய காரியம்.

நீள்வட்டக் களத்தை ஏளனம் செய்கிற ஃபார்முலா ஒன் பக்தர்களிடம் மட்டும் ஒன்று காதோடு சொல்ல வேண்டும். நரேன் ஃபார்முலா ஒன்னில் எடுத்த மொத்தப் புள்ளி ஐந்து. 2005 ஜூன் 19, இண்டியானாபொலிஸ், நான்காம் இடம். அன்று ஓடியவை ஆறே கார்கள். மிச்சலின் டயர் போட்ட 14 கார்களும் தொடங்காமலே திரும்பிவிட்டன. சரிவான ஒரு வளைவின் அழுத்தத்தை அந்த டயர்கள் தாங்கவில்லை. அது அங்கிருக்கும் நீள்வட்டக் களத்தின் வளைவு.

விபத்துக் காட்சிகளை மட்டும் வெட்டி ஒட்டிய வீடியோக்களைப் பார்த்துவிட்டு இந்தப் பந்தயத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள், வெடித்த குப்பையைப் பார்த்துப் பட்டாசை மதிப்பிடுகிறவர்கள். ஓடிடி தொடர் பார்த்து ஓட்டுநர்களின் காதல், சண்டை வரை தெரிந்துகொண்டவர்களுக்கும் லூஸ் எது, டைட் எது என்று தெரியவில்லை. டிரக் தொடரின் ரசிகர்கள் வெற்றியை மட்டும் வைத்து மதிப்பிடவில்லை. 2010இல் நரேன் ஓட்டியவை ஒன்பது பந்தயங்கள், ஒன்றிலும் வெற்றி இல்லை. ஆனாலும் டிரக் தொடரின் மிகப் பிரபலமான ஓட்டுநர் விருதை ரசிகர்கள் வாக்களித்து அவருக்குத்தான் கொடுத்தார்கள்.

முதல் நாளே முழுப் பந்தயம் வேண்டாம். முன்னால் போகிறவரை விட்டுவிடுங்கள். நடுவில் ஏதாவது ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு இருபது சுற்றுக்கு அதன் வாலை மட்டும் பாருங்கள்.