யாழ்ப்பாணத்து ஹெரால்ட், சென்னை ஹெரால்ட்

ட்ரையம்ப் ஹெரால்ட் காரின் கியர்பொக்ஸைக் கீழே இறக்க வழியில்லை, உள்ளே இருந்துதான் தூக்கி எடுக்கவேண்டும். கிளச் தட்டு மாற்றும் ஒவ்வொரு முறையும் இருக்கை, தரைவிரிப்பு, டாஷ்போட்டைத் தாங்கும் இரும்பு, கியர்பொக்ஸ் மூடி என்று வரிசையாக எல்லாம் கழலும். எனவே இந்தக் காரின் கார்பெட் காலில் தேய்வதற்கு முன்பே கராஜில் கிழிந்துவிடும். இதே சட்டகத்தைக் குறுக்கித்தான் ட்ரையம்ப் நிறுவனம் 1962இல் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தது. அதற்கும் இதே பாடுதான்.

எங்கள் வீட்டு ஹெரால்ட் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது. சென்னை நண்பருடையது வண்டலூர்ப் பக்கத்தில் ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் 1961 முதல் செய்த இனம். ஹெரால்டின் உடல் ஒரே வார்ப்பாக இல்லாமல் துண்டு துண்டாகப் போல்ட் போட்டு இணைத்தது. அதனால்தான் வெளிநாடுகளில் கொண்டுபோய்ப் பூட்டுவது சுலபமாக இருந்தது. ஆனால் இணைப்பு உள்ள இடமெல்லாம் தண்ணீருக்கு வாசல். ரப்பர் காய்ந்ததும் மழைநீர் கால் வைக்கும் பள்ளத்தில் இறங்கும். கார்பெட்டைப் பற்றி நான் எழுதுவது அழகுக்காக அல்ல, அதன் அடியில் இருக்கும் தகட்டுக்காக.

யாழ்ப்பாணத்தில் எங்கள் காரின் கார்பெட்டை மாற்றியவர் எழுபது வயது தாண்டிய குஷன் வேலைக்காரர். விரிப்பின் ஓரம் டாஷ்போட்டின் அடியில் போவதால் அதை இறக்கவேண்டும். நான் அவசரப்பட்டு அதன் திருகாணியில் கை வைத்தபோது தடுத்தார். "தம்பி, முதல்ல பற்றறி வயரைக் கழட்டுங்கோ. பிறகு உதைப் பாப்பம்." அடுத்து ஒரு காட்போட் மட்டையில் டாஷ்போட்டின் உருவத்தைப் பென்சிலால் வரைந்தார். கழற்றிய ஒவ்வொரு திருகாணியையும் அது இருந்த இடத்திலேயே மட்டையில் குத்தி வைத்தார். ஸ்பீடோமீட்டர் கேபிளின் நெளிவுநெளிவான வளையத்தைக் குறடு தொடாமல் விரலாலேயே திருகி எடுத்தார். மீட்டருக்குப் பின்னால் வெள்ளை, பச்சை, சிவப்பில் வெள்ளைக்கோடு என்று வயர்கள். நிறம் மங்கிப்போனவற்றுக்குப் பிளாஸ்டர் சுற்றி இலக்கம் எழுதினார். மெல்லிய மரத்தோல் ஒட்டிய பலகை வெளியே வந்தபோது அதைச் சாரத்தில் சுற்றிக் குழந்தையைப் போலக் கட்டிலில் கிடத்தினார். உடைந்தால் இன்னொன்று இல்லை என்பதை அவர் கை அறிந்திருந்தது.

அந்தக் கை எங்கிருந்து வந்தது? 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இலங்கையில் கார் இறக்குமதி சுருங்கியது. 1977க்குப் பிறகு கதவு திறந்து ஜப்பானியக் கார்கள் வந்தன. ஆனால் வடக்கில் 1990இலிருந்து பல ஆண்டுகள் போர்க்காலப் பொருளாதாரத் தடை. பெற்றோல் ஒரு சின்னப் போத்தலில், எஞ்சினை எழுப்ப மட்டும். ஓட்டம் மண்ணெண்ணெயில். எங்கள் காரின் பழைய கார்பெட்டை உரித்தபோது அந்த மண்ணெண்ணெய் வாசம் இன்னும் இருந்தது. மொரிஸ் மைனரும் ஒஸ்டினும் ஹெரால்டும் அங்கே பழம்பொருளாக அல்ல, வேறு வாகனம் இல்லாத காரணத்தால் உயிர்பிழைத்தன. 2020இல் வாகன இறக்குமதி மறுபடி நின்றபோதும் அதே கைகளைத்தான் தேடிப்போனோம்.

சென்னையில் கதை வேறு. அங்கே பொருளுக்குப் பஞ்சமில்லை. புதுப்பேட்டையில் கழற்றிய உதிரிப்பாகம், ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் கடைகடையாகக் கார்பெட், ரெக்சின், சணல் ஃபெல்ட். நண்பரோடு ஒரு கடையில் நின்றபோது வேலை பார்த்த பாய் சொன்னார்: "டேஷ்போர்டு எறக்கினா ரெண்டு நாள் போயிடும் சார். சுத்தி வெட்டி ஒட்டிடலாம், ஒண்ணும் தெரியாது." சொன்னபடியே செய்தார். தையலில் அவரை மிஞ்ச எங்கள் ஊரில் ஆளில்லை. ஓரத்துக்குச் சுற்றித் தைத்த பைப்பிங் ஒரு நூல் பிசகவில்லை, கியர்க் கம்பியைச் சுற்றிய வட்டம் கத்தியால் கீறியதுபோல இருந்தது. இதை நான் மனமாரச் சொல்கிறேன். ஆனால் ரப்பர் பசையைத் தகடு முழுக்கப் பூசி, அதன்மேல் ஃபெல்ட், அதன்மேல் கார்பெட். டாஷ்போட்டின் அடியில் பழைய விரிப்பின் ஓரம் அப்படியே உள்ளே இருந்தது.

இந்தியாவில் 2021இல் வந்த விதிப்படி, ஐம்பது வயது கடந்த காரைப் பழம்பெரும் வாகனமாகப் பதிந்தால் அதை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, ரேலி போன்றவற்றுக்கே வெளியே எடுக்கலாம். அப்படி நிற்கிற காருக்குத் தரை நனையுமா என்ற கவலை எழுவதில்லை, பார்க்கிறவர் கண்ணுக்கு நிறைவாக இருந்தால் போதும். எங்கள் கார் இன்னும் சந்தைக்குப் போகிறது, கலியாண வீட்டுக்குப் போகிறது. அதனால் குஷன்காரர் ஃபெல்டே போடவில்லை. தகட்டைச் சுரண்டி, துரு எதிர்ப்புப் பெயின்ட் இரண்டு தரம் அடித்து, கார்பெட்டைப் பிரஸ் பட்டனால் பொருத்தினார். மாரி மழையில் நனைந்தால் இழுத்தெடுத்துக் கதியால் வேலியில் போடுவோம். கார் ஓடும்போது சத்தம் கூடுதலாகத்தான் கேட்கும். அந்தச் சத்தத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

என் கட்சி இதுதான்: ஓடுகிற காராகட்டும் நிற்கிற காராகட்டும், பசை வேண்டாம். சென்னையின் ஈரக்காற்று நிற்கிற காரையும் விடுவதில்லை. இரண்டு மழைக்காலம் கழித்து நண்பர் ஓட்டுநர் பக்கத்து மூலையை உரித்துப் படம் அனுப்பினார். ஃபெல்ட் சொதசொதவென்று இருந்தது, பசையோடு தகடு செதில்செதிலாகக் கையில் வந்திருந்தது.

இப்போது அவர் டாஷ்போட்டை இறக்கச் சம்மதித்துவிட்டார். எங்கள் குஷன்காரர் பழைய பத்திரிகைத் தாள்களில் வெட்டிய மாதிரிகளைச் சுருட்டித் தபாலில் அனுப்பியிருக்கிறேன். கியர்பொக்ஸ் மூடிக்கு வெட்டியது பொருந்தும். கதவோரத்துக்கு அங்கேதான் புதிதாக வெட்டவேண்டும். நண்பருடையது நாலு கதவு ஹெரால்ட், அது இந்தியாவில் மட்டுமே செய்யப்பட்டது. அந்த ஓரத்தை பாயின் கையாலேயே தைக்கச் சொல்லியிருக்கிறேன்.