கப்பல் மணியில் ஓர் இறைநேசர் பெயர்: நியூசிலாந்துத் தமிழ் மணி – ஒரு மறுவாசிப்பு

ஆக்லாந்துக்கு வடக்கே வாங்கரேய்ப் பகுதியில், 1836ஆம் ஆண்டளவில், கிறித்தவச் சமயப் பணியாளர் வில்லியம் கொலன்சோ உடைந்த வெண்கல மணியொன்றைக் கண்டார். மாவோரிப் பெண்கள் அதை உருளைக்கிழங்கு அவிக்கும் கலமாகப் பயன்படுத்தி வந்தனர். இன்று வெல்லிங்டன் தெ பாப்பா அருங்காட்சியகத்திலுள்ள அம்மணியில் தமிழ் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. முகைய்யதீன் வக்குசுவின் கப்பலுக்குரிய மணி என்பது அவற்றின் பொருள்.

இம்மணி பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் ஒரே வினாவைச் சுற்றி அமைகின்றன: ஐரோப்பியருக்கு முன்பே தமிழர் இத்தீவுகளை அடைந்தனரா? பொருள் கரைசேர்ந்தமையால் அதற்குரியோரும் வந்தனர் எனக் கொள்ள இயலாது. ஆளின்றி மிதந்து வந்த கப்பலும், கைமாறிய பண்டமும் இதே தடயத்தையே விட்டுச்செல்லும். முடிவு காண அரிய இவ்வினா, முடிவு வெளிப்படையாக உள்ள மற்றொரு வினாவை மறைத்துவிட்டது: பொறிக்கப்பட்ட பெயர் எதைச் சுட்டுகிறது?

‘முகியித்தீன்’ என்பது 1166இல் பக்தாதில் மறைந்த அப்துல் காதிர் ஜீலானியின் சிறப்புப் பெயர். சமயத்தை உயிர்ப்பித்தவர் எனப் பொருள்படும். ‘வக்குசு’ என்பது கொடையைக் குறிக்கும் ‘பக்ஷ்’ என்னும் பாரசீகச் சொல்லின் தமிழ் வடிவம். ஆகவே இப்பெயர் ‘முகியித்தீனின் கொடை’ என விரியும். அது உரிமையாளர் பெயரா, கப்பலின் பெயரா என்பதில் கருத்து வேறுபடலாம். இறைநேசரைச் சார்ந்து இடப்பட்ட பெயர் என்பதில் ஐயமில்லை.

இதற்கு இலக்கியத் துணையும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த குணங்குடி மஸ்தான் சாகிபு, முகியித்தீன்மீது சதகம் பாடினார். கடலோடிகள் நாகூர் சாகுல் ஹமீது ஆண்டகையிடம் நேர்ந்துகொள்ளும் மரபும் நன்கறியப்பட்டதே. சதகத்தில் விளியாக ஒலிக்கும் பெயர், மணியில் உடைமைக் குறிப்பாக நிற்கிறது. இங்குப் பக்தி துதியாக அன்றி, தொழிற்கருவியில் பொறிக்கும் அளவுக்கு இயல்பான வழக்காக வெளிப்படுகிறது. இறைவனுக்கே உரிய கொடைத்தன்மையை இறைநேசர்க்கு ஏற்றலாமா என்னும் விவாதம் இஸ்லாத்துக்குள்ளேயே உண்டு. தமிழ்க் கடலோடிகளின் வழக்கு அவ்விவாதத்தில் எப்பக்கம் நின்றது என்பதற்கு இம்மணி ஓர் எளிய சான்று.

நியூசிலாந்துத் தமிழரில் பெரும்பாலோர் வாழும் நகரம் ஆக்லாந்து. அங்கு இம்மணி தொன்மைப் பெருமையின் அடையாளமாக மட்டும் எடுத்துரைக்கப்படுமாயின், அதற்குரிய தமிழ் முஸ்லிமும் அவர்தம் நம்பிக்கையும் வரலாற்றினின்று நழுவிவிடும். எழுத்தைப் போற்றிவிட்டு, அவ்வெழுத்து உரைக்கும் பெயரைக் கைவிடும் வாசிப்பு நிறைவுடையதாகாது.